ஜி.ஐ. வாளியில் கொல்லுலை: பால் குடித்தால் போதுமா?

"பழைய ஜி.ஐ. வாளிக்குள் சிமெண்ட் பூசி, அடியில் குழாய் விட்டுக் கரியை ஊதினால் வீட்டிலேயே கொல்லுலை தயார். புகை அடித்தால் ஒரு டம்ளர் பால் குடியுங்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கரியும் காற்றும் சரி. மற்றவை தவறு.

ஜி.ஐ. என்றால் துத்தநாக முலாம் பூசிய இரும்பு. துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு அடிக்கும் உலையோ 1,000 டிகிரியைத் தாண்டும். அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையை (துத்தநாக ஆக்சைடு) சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், வாயில் உலோகச் சுவை வரும். இதற்கு 'உலோகப் புகைக் காய்ச்சல்' என்று பெயர். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. பால் எப்படித் தடுக்கும்? வெல்டிங் பட்டறைகளிலும் இந்த நம்பிக்கை உண்டு, பாவம். அமெரிக்காவின் 'நியாஷ்' (NIOSH) என்ற தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கையேட்டில் துத்தநாக ஆக்சைடு பக்கத்தில் இந்த அறிகுறிகளைப் பார்க்கலாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

சாதாரண சிமெண்டும் ஆகாது. உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, சில்லு சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்கு ஆபத்து.

உலை செய்ய, முலாம் இல்லாத இரும்புச் சட்டி, களிமண்ணும் மணலும் கலந்து பூசி நன்றாகக் காயவைத்த உள்பூச்சு, அல்லது சூடு தாங்கும் தீச்செங்கல், முலாம் இல்லாத இரும்புக் குழாய், சின்ன புளோயர் போதும். திறந்தவெளியில் மட்டும் மூட்டுங்கள். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.