தோமான், முதிர்ந்த விரால் அன்று

"விரால் பெரிதாக வளர்ந்தால் அதுவே தோமான்" என்று கோலாலம்பூரில் தூண்டில் போடும் நம்மவரிடையே பரவிவரும் புலன (வாட்ஸ்அப்) செய்தி தவறானது. மலாய்க்காரர்கள் ஹருவான் என்றழைக்கும் விராலும் தோமானும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதாம். ஆயினும் எத்தனை ஆண்டு வளர்ந்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறாது. இரண்டு கறுப்புக் கோடுகளுக்கிடையே செம்மஞ்சள் பட்டை ஓடும் இளந்தோமான், வளர வளர அந்த நிறத்தை இழந்து கறுத்து, 1 மீட்டருக்கு மேலும் நீள்வதால், குழப்பம் இயல்பே. செதிலைக் கவனித்தால் வேறுபாடு விளங்கும்: தோமானுக்குப் பொடிச் செதில், விராலுக்குப் பெரிய செதில். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்குப் புண் ஆறட்டும் என்று நம் வீடுகளில் சூப்பு வைப்பது ஹருவானில்தான் என்பதால், சந்தையில் பெயரை மட்டும் நம்பாமல் செதிலையும் பார்த்தே வாங்க வேண்டும்.