50 ஹெர்ட்ஸ் ஒன்றாக இருந்தால் போதாது
மதுரை–இலங்கை மின்பாதைக்கு "இரு பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தான், சாதாரண ஏசி கேபிளே போதும்" என்கிறது ஒரு கட்டுரை. (ஏசி என்பது மாறுதிசை மின்சாரம்; அது விநாடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கில் சொல்லும் ஃப்ரீக்வென்சி.) கடலில் சுமார் 50 கி.மீ. ஏசி கேபிள் போடலாம்தான். கேபிள் தானே இழுத்துக்கொள்ளும் சார்ஜிங் கரண்ட்டை ரியாக்டர் (ஈடுகட்டும் சுருள்) வைத்துச் சமாளிக்கலாம். சிக்கல் வேறு. அங்குள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் யூனிட் ஒன்று டிரிப் ஆனால் (திடீரென நின்றால்), இலங்கை போன்ற சிறிய கிரிட்டில் (மின்கட்டமைப்பில்) ஃப்ரீக்வென்சி சட்டென்று இறங்கும். ஏசியில் இணைத்திருந்தால் அந்தக் குறை கிட்டத்தட்ட முழுதும் நம் பக்கமிருந்து அந்த ஒரே கேபிள் வழியே பாயும்; ஓவர்லோடில் ரிலே (பாதுகாப்புக் கருவி) கேபிளைத் துண்டிக்கும், அங்கே இருட்டுதான். எச்விடிசி (உயர் அழுத்த நேர்மின்சார) முறை என்றால், அதன் கன்வர்ட்டர் நாம் செட் செய்த அளவை மட்டுமே அனுப்பும். மேற்கு வங்கத்தின் பஹரம்பூருக்கும் வங்கதேசத்தின் பேராமாராவுக்கும் இடையே கடலே இல்லை, ஆனாலும் வங்கதேசத்துக்கு 2013-ல் 500 மெகாவாட் பேக்-டு-பேக் எச்விடிசி நிலையம் (ஒரே இடத்தில் ஏசியை டிசியாக்கி மீண்டும் ஏசியாக்குவது) வைத்தார்கள். நேபாளத்துக்கு மட்டும் ஏசி எப்படி என்று கேட்கலாம்; பீகாரின் முசாபர்பூரிலிருந்து நேபாளத்தின் தல்கேபருக்குப் போகும் பாதை ஏசிதான். ஆனால் அந்த கிரிட் நம்மோடு ஒரே தாளத்தில் ஓடுகிறது.