அடுத்த ஆண்டே கலைந்த மண்மேடு
டியூட்டோபர்க் காட்டில் ஜெர்மானியர்களிடம் தோற்று மாண்ட ரோம வீரர்களுக்குத் தளபதி ஜெர்மானிக்கஸ் எழுப்பிய மண்மேட்டோடு ரோம் தன் கடனைத் தீர்த்துவிட்டது என்று அந்தப் போரைப் பற்றிய கட்டுரை முடிகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. ரோமத் தளபதி வாருஸின் மூன்று லீஜியன்கள், அதாவது பெரும் படைப்பிரிவுகள், அழிந்தது கி.பி. 9இல், எலும்புகளைப் பொறுக்கிப் புதைத்தது கி.பி. 15இல். அதற்குள் சொந்தக்காரன் எலும்பா அந்நியன் எலும்பா என்றே தெரியாத நிலை, எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் எலும்பாக நினைத்துப் புதைத்தார்கள் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். சரி, புதைத்தார்கள். அடுத்த ஆண்டே ஜெர்மானியர்கள் அந்த மேட்டைக் கலைத்துவிட்டார்கள். ஜெர்மானிக்கஸ் தன் தந்தை ட்ரூஸஸின் பலிபீடத்தை மட்டும் சீர்செய்தார், மேட்டைத் திரும்ப எழுப்பவில்லை. பேரரசர் திபேரியஸுக்கு எலும்புகளைப் புதைத்ததிலேயே விருப்பமில்லை: அந்தக் காட்சியைப் பார்த்தால் படை மனம் தளரும், போதாக்குறைக்கு ஜெர்மானிக்கஸைப் போல் குருப் பதவியில் இருப்பவர் சாவுச் சடங்கில் கை வைக்கலாமா என்று. மேலே கருத்திட்ட ஒரு நண்பர் மாண்டவர்களின் குடும்பங்கள் என்ன செய்தன என்று கேட்டிருக்கிறார். ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் நான் வெகுநேரம் நின்று பார்த்த கல் ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் லீஜியனின் நூற்றுவர் தலைவன் மார்க்கஸ் கேலியஸ், வயது ஐம்பத்து மூன்றரை, வாருஸ் போரில் வீழ்ந்தவன். உடல் கிடைக்காமலே தம்பியோ அண்ணனோ ஒரு சகோதரன் வைத்த நினைவுக்கல். மார்பு நிறையப் பதக்கங்கள், கையில் திராட்சைக்கொடித் தடி, இருபுறமும் அவன் விடுதலை செய்த இரண்டு அடிமைகளின் தலைகள். கீழே, எலும்புகளை இங்கே வைக்க அனுமதி உண்டு என்று ஒரு வரி, கிடைத்தால் வைக்கலாமே என்று இடம் விட்டதுபோல.