ரேகை விழாத விரல்கள்

என் அத்தைக்கு அறுபத்தெட்டு வயது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் நாற்றுப்பறி, நடவு, களையெடுப்பு என்று ஐம்பது ஆண்டுகளை வயலில் கழித்தவர். 1990களில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் உட்கார்ந்து தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டார். அதன் பிறகு யார் எந்தத் தாளை நீட்டினாலும் மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்குவார். தன்னை இனி ஒருவரும் கைநாட்டு என்று சொல்ல முடியாது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமிதம். கடந்த மாதம் ரேஷன் கடையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி ஐந்து முறை வைத்தும் அவருக்கு ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்தார், தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார், மறுபடியும் வைத்தார். கடைசியில் விற்பனையாளரிடம், "வேணும்னா கையெழுத்துப் போட்டுத் தர்றேன் தம்பி" என்றார். அந்த மெஷினில் கையெழுத்துக்கு இடமில்லை.

அவர் வெறும் பையோடு திரும்பியதற்கு அந்த விற்பனையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். ரேகை விழாததைக் காரணம் காட்டிப் பொருளை மறுக்கக் கூடாது என்று அரசு சொல்லியிருந்தாலும், ரேகை இல்லாமல் போட்ட ஒவ்வொரு பில்லுக்கும் நாளைக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். என் கேள்வி எல்லாம், விழவில்லை என்றால் தவறியது விரலா, மெஷினா என்பதுதான்.

சேற்றிலும் உரத்திலும் ஊறி, நாற்றுமுடியைப் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த விரல்நுனியில் மேடும் பள்ளமும் மழுங்கிப்போவது இயல்பு. வயதானால் தோல் வறண்டு சுருங்கிவிடும் என்பதால் தேய்மானம் இன்னும் கூடுகிறது. சாந்து குழைக்கும் சித்தாளின் கையும், சுவாமிமலையில் அரம் பிடித்துச் சிலையை ராவுகிற கையும் இதே நிலையில்தான் இருக்கும். இதை முன்கூட்டியே அறிய எந்த ஆய்வும் தேவையில்லை. உழைக்கிற கை எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஷின் 'இவர்தான் அவர்' என்று உறுதியாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆதாருக்காக முன்பு பதிந்த ரேகையும் இப்போது வைத்த ரேகையும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஏற்கிறது, இல்லையென்றால் தள்ளுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும் கருவியை நினைவூட்டினால் போதும். 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஆனால் அந்த 17 என்ற எண் நம் எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்த ஆண்டுகளில் அதைத் தளர்த்தச் சொல்லி மறியல் செய்கிறோம், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போகிறது, சில ஆண்டுகளில் தளர்த்தியும் இருக்கிறார்கள். ரேகை மெஷினின் வரம்பு என்ன எண் என்று கடைக்காரருக்கும் தெரியாது, தாசில்தாருக்கும் தெரியாது. வரம்பை இறுக்கினால் உரியவர் வெளியே நிற்பார், தளர்த்தினால் வேறொருவர் உள்ளே நுழைவார். இரண்டு தவறையும் ஒருசேர ஒழிக்கிற வரம்பு எங்கும் கிடையாது. எந்தத் தவறை யார் தலையில் கட்டுவது என்பதை யாரோ முடிவுசெய்திருக்கிறார்கள். அது என் அத்தையின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2018 மார்ச்சில், தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி தடிமனும் கொண்ட மதிலுக்குள் பத்திரமாக இருப்பதாக அரசுத் தரப்பு சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அதே விசாரணையில்தான், அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றிபெறுவது 88 சதவீதம் என்ற கணக்கும் வெளிவந்தது. மதிலைப் பற்றிக் கேலி பேசிய அளவுக்கு நாம் மீதி 12 சதவீதத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் திட்டம் செல்லும் என்றனர். நீதிபதி சந்திரசூட் மட்டும் மாறுபட்டார். ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எண் இன்னும் ஒதுக்கப்படாதவருக்கு மாற்று வழியில் மானியத்தைத் தர வேண்டும் என்கிறது. எண்ணும் இருந்து, அட்டையும் இருந்து, விரல் மட்டும் ஒத்துழைக்காதவரைப் பற்றி அந்த வரியில் பேச்சில்லை. அந்த இடைவெளியைச் சுற்றறிக்கைகளால் அடைத்திருக்கிறார்கள்.

போலிகளே இல்லை என்று நான் வாதாடவில்லை. இறந்தவர் பெயரில் அரிசி போனதும், வெளியூர் வியாபாரி விவசாயியின் பெயரில் நெல் போட்டதும் நாம் கண்ணால் பார்த்தவை. அவற்றைத் தடுக்க ஏதோ ஒரு சரிபார்ப்பு வேண்டும். ஆனால் இந்த முறையின் பிறப்பிலேயே சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தம் போட்டவர் பின்னால் தன் கையெழுத்தையே மறுத்துவிடக் கூடாது என்று அச்சுறுத்தத்தான் அவருடைய உள்ளங்கைப் பதிவை வாங்கினார். கையெழுத்தை நம்பாததில் தொடங்கியது அது.

ரேகை திருடுபோனால் என்ன செய்வது என்பது தனிக் கதை. ஏடிஎம் ரகசிய எண் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல்கள் பத்துதான், மாற்ற முடியாது. பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்துச் செயற்கை விரல் செய்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் வந்தன. (கர்நாடகத்தின் பத்திரப்பதிவு இணையதளத்தின் பெயர் காவேரி. அங்கிருந்து நமக்குத் தண்ணீர் தவிர மற்றதெல்லாம் தாராளமாக வரும்போலிருக்கிறது.) இதற்கு ஆதார் ஆணையம் தரும் மருந்து, நம் ரேகையை நாமே பூட்டிவைத்துக்கொள்ளும் வசதி. பூட்டினால் ரேஷன் கடையிலும் ரேகை செல்லாது. திறக்க வேண்டுமானால் கைப்பேசி வேண்டும்.

அத்தையிடம், ஆதார் மையத்துக்குப் போய் ரேகையைப் புதுப்பித்து வாருங்கள் என்றார்கள். அதற்குக் கட்டணம் 125 ரூபாய், பேருந்துச் செலவு தனி, அன்றைய நடவுக் கூலியும் போய்விடும். தேய்ந்த விரலை மறுபடி பதிந்தால் தேய்ந்த பதிவுதான் கிடைக்கும் என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை. கருவிழி எடுக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் ஊர்க் கடையில் அதற்கான கருவி வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று முறை வைத்தும் ரேகை விழாவிட்டால் அது மெஷினின் தோல்வி என்று பில்லிலேயே பதிவாக வேண்டும்; அட்டையைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுப்பது விற்பனையாளரின் இரக்கமாக இல்லாமல் கடமையாக எழுதப்பட வேண்டும். மாதக் கடைசியில் எந்தக் கடையில் எத்தனை முறை விழவில்லை என்ற கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும்.

இப்போதைக்கு ஓடிபி எண்தான் மாற்று வழியாம். அட்டையில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அத்தை மகனுடையது. கம்பெனிக்குள் போனை எடுத்துப்போக விட மாட்டார்கள். அவன் ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டு மணி ஆகிறது. கடையை அதற்கு வெகுநேரம் முன்பே பூட்டிவிடுகிறார்கள்.