வேத காலத்தில் கோயில் ஏது?

வேத கால மக்கள் கோயில் கட்டிச் சிலை வைத்துக் கும்பிட்டதாக ஒரு கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ரிக் வேதத்தின் 1028 பாடல்களில் கோயில் என்ற பேச்சே இல்லையே! அன்றைய வழிபாடு வேள்விதான். ஏறக்குறைய கால்பங்குப் பாடல்கள் இந்திரனுக்கு. விஷ்ணுவுக்கும் ருத்திரனுக்கும் கிடைத்தவை சொற்பம். இன்று இந்திரன் கோயிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

1975இல் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் நடத்திய அக்னிசயனம் என்ற வேத வேள்வியின் படப்பதிவைப் பாருங்கள். 12 நாள் சடங்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களை ஐந்து அடுக்காக அடுக்கிப் பறவை வடிவில் மேடை எழுப்புகிறார்கள். கல் வைக்க வைக்க மந்திரம். நெருப்புகூட அரணிக் கட்டையைக் கடைந்து எடுத்ததுதான். ஆட்டைப் பலியிட எதிர்ப்பு கிளம்பியதால் வாழையிலையில் பொதிந்த அரிசி மாவு வைத்தார்கள். எல்லாம் முடிந்ததும் வேள்விப் பந்தலுக்கே தீ வைத்துவிட்டார்கள். நிலையான கோயிலுக்கு இதில் இடம் எங்கே?

கோயில் பிறகு வந்து சேர்ந்தது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று 15ஆம் பாட்டில் அவன் வேள்வித் தூண் நட்ட களங்கள் வருகின்றன. அவனையே பாடும் 6ஆம் பாட்டிலோ, முக்கண் செல்வரின் கோயிலை வலம்வரும்போது உன் குடை தாழட்டும் என்கிறார் புலவர். கட்டுரை இந்த இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம்.