நாய் கடித்தால் ஊசியோடு நிறுத்தாதீர்கள், ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படியுங்கள்

நாய்க்கடிக்கு நஷ்டஈடு கேட்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கடிபட்ட அன்றே, ஆஸ்பத்திரியில்தான். கடித்தது பக்கத்து வீட்டு நாய். பகை வேண்டாமே என்று கேஷுவாலிட்டியில் "ஏதோ நாய் சார்" என்று சொல்லிவிடுவார்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், 'தெரியாத நாய்' என்று ஏறிவிடும். பிறகு வக்கீல் நோட்டீஸ் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். யார் வீட்டு நாய், எந்தத் தெரு, எத்தனை மணி என்று தெளிவாகச் சொல்லி எழுத வையுங்கள். காயம் எத்தனை, நீள அகலம் என்ன, சதை பிய்ந்திருக்கிறதா என்பதும் அதில் வர வேண்டும். வெறுமனே 'நாய்க்கடி, வலது கால்' என்று எழுதினால் போதாது. கட்டுப் போடும் முன்பு பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதையும் அப்பாதீர்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்தால் அது மூன்றாம் வகைக் காயம், அதாவது ஆபத்து அதிகமான வகை. தடுப்பூசி மட்டும் போதாது, வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் தயார்நிலை மருந்தான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போட வேண்டும். அன்றைக்கு இருப்பு இல்லையென்றால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டாக வேண்டும். தோலுக்குள் போடும் தடுப்பூசிக்கு 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சையை ஒழுங்காக எடுத்ததற்கு அதுதான் சாட்சி. தினக்கூலிக்காரருக்கு அது நான்கு நாள் கூலி போனதற்கும் கணக்கு.

காயத்தின் அளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் தெருவில் திரியும் விலங்குகள் தொடர்பான வழக்குகளில் ஒரு கணக்கு சொன்னது. ஒரு பல் தடத்துக்குக் குறைந்தது 10,000 ரூபாய். சதை பிய்ந்திருந்தால் 0.2 செ.மீ.க்குக் குறைந்தது 20,000. நான்கு பல் தடம் என்றால் 40,000. இரண்டு செ.மீ. சதை போயிருந்தால் இரண்டு லட்சம். இந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. "அங்கே இப்படிக் கணக்கிட்டார்கள்" என்று நம் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் சுற்றுவது போல ஏதோ ஆபீஸில் மனு கொடுத்தால் பல்லுக்குப் பத்தாயிரம் கையில் வந்துவிடாது. ஆனாலும் அந்தக் கணக்கை முன்வைக்க வேண்டுமானால் பல் தடம் எத்தனை என்று ஒரு காகிதம் சொல்ல வேண்டும் அல்லவா?

அடுத்து போலீஸ். வளர்ப்பு நாய் என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்ததற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் 125(பி) பிரிவும் சேரும். ஸ்டேஷனில் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சீட்டு) அனுப்பப் பார்ப்பார்கள், வழக்கே பதிவாகும் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: இந்த வழக்கில் அபராதம் அரசுக்குப் போகிறது. உங்கள் செலவுக்குப் பெரிய தொகை வேண்டுமென்றால் சிவில் வழக்குதான்.

சிவில் கோர்ட்டில் நாய்க்காரர் சொல்வது இரண்டு. "இதுவரை யாரையும் கடித்ததில்லை", "இவர்தான் சீண்டினார்". முதல் வாதத்தை உடைக்க, அந்த நாய் இதற்கு முன் பாய்ந்தது அவருக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். குடியிருப்போர் சங்கத்துக்குப் போன பழைய புகார், வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி, முன்பு கடிபட்டவரின் சாட்சியம், வாசலில் தொங்கும் 'நாய் ஜாக்கிரதை' பலகைகூட உதவும். கயிறு இல்லாமல் வெளியே விட்டார், கேட் திறந்து கிடந்தது என்றால் கவனக்குறைவை அதுவே காட்டும். சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், அந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

தெருநாய் என்றால் பாதை கடினம். 2023 விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி ஆகியவை உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அதில் எங்கே தவறினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, உங்கள் வார்டில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை நாய்க்குக் கருத்தடை செய்தீர்கள், இந்தத் தெரு பற்றி எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். சென்னை என்றால் மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-இல் முன்பே யாராவது புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண் தங்கம் மாதிரி. எங்கே, எப்படிக் கடித்தது என்பதில் தகராறே இல்லாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போடலாம். தகராறு இருந்தால் சிவில் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டு. ஆனால் சட்டக் கடமையில் தவறியதற்கான இழப்பீடு என்று பார்த்தால் ஓராண்டுதான் என்று மாநகராட்சி வாதிடும். அரசுத் தரப்புக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு வேறு இருக்கிறது. ஆகவே ஆறாவது மாதத்துக்குள் நோட்டீஸ் போய்விட வேண்டும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது சமரசம் என்ற பெயரில் நடப்பதைப் பார்த்துத்தான். இரண்டாவது ஊசிகூடப் போட்டிருக்க மாட்டார்கள். ஐயாயிரத்தைக் கையில் வைத்து, 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்ற காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். காயம் சீழ் பிடிக்குமா, தழும்புக்கு ஆபரேஷன் தேவையா என்று அப்போது யாருக்கும் தெரியாது. பணம் வாங்குவதானால் 'மருத்துவச் செலவுக்கு மட்டும், இழப்பீட்டு உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதி வாங்குங்கள். முழுத் தீர்வைக் காயம் ஆறிய பிறகு பேசிக்கொள்ளலாம்.

வழக்குச் செலவுக்குப் பயந்து விடாதீர்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், இரண்டு லட்சத்துக்கு ஆறாயிரம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், அல்லது இலவசச் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைக்கலாம். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில், பேச்சுவார்த்தைக்கு மனு கொடுக்கவும் கட்டணம் கிடையாது. வளர்ப்பு நாய் வழக்குகளை முதலில் அங்கே கொண்டுபோவதே நல்லது என்பேன். போகும்போது ஏ.ஆர். காப்பி, ஊசி அட்டை, பில்கள், சம்பளச் சான்று எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.