இது மவுண்ட் ரோடு இல்லைங்க, சைனா பஜார் ரோடு

நீங்க போட்ட பழைய மெட்ராஸ் தெரு படத்துக்கு கீழ மவுண்ட் ரோடுன்னு எழுதியிருக்கீங்க, அது தப்புங்க. வலது ஓரத்துல மரத்துக்கு மேல மங்கலா தெரியுதே அது ஹைகோர்ட் கோபுரம், 1894லேர்ந்து லைட்ஹவுஸ் விளக்கு எரிஞ்சது அதுலதான், ஹைகோர்ட் ஓரமா போறது சைனா பஜார் ரோடுதான், இப்போ அதுக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடுன்னு பேரு, கேமராமேன் கிழக்க பாத்து நின்னு எடுத்திருக்கார். தரையில டிராம் தண்டவாளம், மேல கரண்ட் கம்பியும் இருக்கு, மெட்ராஸ்ல எலக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பிச்சதே 1895லதான், அதனால படம் அதுக்கு முந்தினதா இருக்க முடியாது. இடது கோடில, பாரிமுனைல, டேர் ஹவுஸ்ங்கற பாரி கம்பெனி கட்டடத்த காணோம், அது 1940ல வந்தது, அதனால கண்டிப்பா அதுக்கு முந்தின படம். எவ்ளோ அருமையான படம், தப்பான பேரோட சுத்த விடாதீங்க ப்ளீஸ். பெரிய ஸ்கேன் இருந்தா படத்துல கடை போர்டு இருக்கற பக்கத்த மட்டும் தனியா போடுங்க, வருஷத்த இன்னும் நெருங்கிடலாம்.